இர்வினும் மீட்டியரும்: டுலூத் பயணக் குறிப்புகள்

வெள்ளி, மாலை

மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேர ஓட்டம். கடைசி மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது கீழே டுலூத் ஊரும், அதற்கப்பால் சுப்பீரியர் ஏரியும் ஒரேயடியாகத் தெரிகின்றன. பரப்பளவில் உலகத்திலேயே பெரிய நன்னீர் ஏரி இது. 350 மைல் நீளம், ஆழம் சில இடங்களில் 1,300 அடிக்கும் மேல். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அட்லாண்டிக் பெருங்கடல் இங்கிருந்து நீர்வழியாக 2,300 மைல் தொலைவில் இருக்கிறது. அப்படியிருந்தும் இது ஒரு துறைமுக ஊர், அதுவும் சாதாரணத் துறைமுகம் இல்லை. அமெரிக்காவின் இரும்பில் பெரும்பங்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அந்த இரும்பைச் சுமந்து ஓய்வு பெற்று, இப்போது அருங்காட்சியகமாக நிற்கும் இர்வின், மீட்டியர் என்ற இரண்டு பழைய கப்பல்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கூட வந்திருப்பவர் சித்தப்பா. சரக்குக் கப்பல்களில் இன்ஜின் அறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க அமெரிக்கா வந்தவரிடம், "ஏரியில் ஓடுகிற கப்பலைப் பார்க்கப் போகலாமா?" என்று கேட்டேன். "ஏரியிலயா? படகுன்னு சொல்லு" என்றார். அவரை மாற்ற நான் வாதாடத் தேவையில்லை என்று தெரியும். கெனால் பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

கெனால் பார்க் என்பது ஏரிக்கும் உள்துறைமுகத்துக்கும் நடுவே வெட்டிய கால்வாயின் கரை. 1870-71இல் ஊர்க்காரர்கள் மணல்திட்டை வெட்டித் திறந்த வழி. இன்று 300 அடி அகலம், இருபுறமும் கான்கிரீட் சுவர். அந்தச் சுவரின் மேலே நடந்து போகலாம். கப்பல் வரும்போது கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல அருகில் வருகிறது. மேலே நிற்பதுதான் டுலூத்தின் அடையாளமான தூக்குப் பாலம். 1905இல் கட்டியபோது அதில் பாதையே கிடையாது. மேலே உயரத்தில் ஒரு சட்டம், அதிலிருந்து தொங்கும் ஒரு பெட்டி. வண்டியையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் அந்தப் பெட்டி போய்வரும். 1929-30இல் அதை மாற்றி, சாலையே மேலே எழும்பும் பாலமாக்கினார்கள். 135 அடி வரை தூக்குவார்கள்.

கப்பல்கள் வரும் நேரத்தைக் கால்வாய்க் கரையிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் போட்டு வைக்கிறார்கள். ராணுவப் பொறியாளர் படை நடத்தும் இடம், நுழைவுக் கட்டணம் இல்லை. பார்த்தோம்: பால் ஆர். டிரகர்தா, நிலக்கரி ஏற்ற வருகிறது. சுப்பீரியரோடு சேர்ந்த ஐந்து பெரிய ஏரிகளில் ஓடுபவற்றிலேயே நீளமான கப்பல் அதுதான். 1,013 அடி.

முதலில் தொலைவில் ஒரு கோடு. அப்புறம் அது அசைகிற மாதிரியே இல்லை. திடீரென்று பார்த்தால் கால்வாய் வாயில் நிற்கிறது. பாலத்தைப் பார்த்து ஒரு நீண்ட ஊதல், ஒரு சிறிய ஊதல், மறுபடி நீளம், மறுபடி சிறிது. பாலமும் அதே தாளத்தில் பதில் ஊதியது. ஊதல் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. சுற்றிலும் நின்ற குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். 105 அடி அகலமுள்ள கப்பல் 300 அடி வழிக்குள் நுழைந்து, எங்களைக் கடந்து போகவே சில நிமிடங்கள் ஆயின. மேல்தளத்திலிருந்து ஒருவர் கையசைத்தார். இழுவைப் படகு எதுவும் கூட வரவில்லை. சித்தப்பா அதைத்தான் முதலில் கவனித்தார். "டக்கே இல்லாம இதுக்குள்ள நுழையறானே!" என்றார். அதன்பிறகு அவர் வாயில் படகு என்ற சொல் வரவில்லை.

டிரகர்தா 1981இல் ஓஹியோ மாநிலத்தின் லொரைன் ஊரில் கட்டப்பட்டது. நாளை நாங்கள் ஏறப்போகும் வில்லியம் ஏ. இர்வினும் அதே லொரைன் தளத்தில் கட்டியதுதான், டிரகர்தாவுக்கு 44 ஆண்டுகளுக்கு முன்னால்.

சனி

இர்வின் நிற்பது கால்வாயிலிருந்து நடக்கும் தூரத்தில், மினசோட்டா ஸ்லிப் என்ற ஒடுங்கிய நீர்ச்சந்தில். சிவப்பும் கறுப்பும் பூசிய உடம்பு. 610 அடி நீளம், 60 அடி அகலம். ஏரிக் கப்பலின் பழைய உருவம் என்னவென்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. கப்பலை நடத்தும் அறை முன்கோடியில், இன்ஜின் பின்கோடியில், நடுவில் நீளமாகச் சரக்குத் தளம் மட்டும். 1869இல் ஆர். ஜே. ஹாக்கெட் என்ற மரக்கப்பலில் தொடங்கிய வடிவம் இது. நடுவில் எதுவும் இடைஞ்சல் இல்லாவிட்டால் மேலிருந்து தாதுவைக் கொட்டுவதும் அள்ளுவதும் வேகமாக நடக்கும். அகலம் கூடாமல் நீளம் கூடியதற்கும் காரணம் இருக்கிறது. சுப்பீரியர் ஏரி அடுத்த ஏரியான ஹியூரானைவிட 21 அடி உயரத்தில் இருக்கிறது. சூ செயின்ட் மேரி என்ற ஊரில், கதவடைத்துத் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்த நீர்ப்பூட்டுகளின் அளவுக்கு ஏற்றபடிதான் இங்கே ஒவ்வொரு தலைமுறைக் கப்பலும் வளர்ந்திருக்கிறது.

1937 நவம்பரில் வெள்ளோட்டம் விட்டு, 1938 ஜூனில் முதல் சரக்குப் பயணம். யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் பிட்ஸ்பர்க் ஸ்டீம்ஷிப் கப்பல் கூட்டத்துக்கு இதுதான் தலைமைக் கப்பல். அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்தவரின் பெயரையே வைத்தார்கள். சுமை ஏறத்தாழ 14,000 டன். வேலை ஒன்றுதான்: மெசாபி மலைத்தொடரின் இரும்புத்தாதுவை டுலூத்திலோ டூ ஹார்பர்ஸிலோ ஏற்றிக்கொண்டு போய், கீழ் ஏரிகளின் எஃகு ஆலைத் துறைகளில் இறக்கிவிட்டுத் திரும்புவது. போக மூன்று நாள், வர மூன்று நாள், ஏரி உறையும் வரை இதேதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டிய கப்பலும் டாங்கியும் பெரும்பாலும் இந்த மலைத்தொடரின் தாதுவில் பிறந்தவை என்பதை நினைத்துக்கொண்டு இந்தத் தளத்தில் நின்றால், கப்பல் வேறு மாதிரி தெரிகிறது.

வழிகாட்டியோடு சுற்றினோம். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, குரலில் ஒரு பெருமிதம். எந்தக் கதவுக்குத் தலையைக் குனிய வேண்டும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்.

முதலில் இன்ஜின் அறை. இரும்பு ஏணிகளில் இறங்க இறங்க எண்ணெய் வாசனை. 2,000 குதிரைச் சக்தி நீராவி டர்பைன், அதன் வேகத்தைக் குறைத்து ஒற்றைச் சுழலிக்குக் கொடுக்கும் பெரிய பல்சக்கரப் பெட்டி. அதுவரை ஏரிக் கப்பல்களில் மேலும் கீழும் ஆடும் நீராவி இன்ஜின்தான் வழக்கம். டர்பைனும், ரிவிட்டுக்குப் பதிலாகப் பல இடங்களில் வெல்டிங்கும் கொண்டுவந்த கப்பல் என்பதால் அந்தக் காலத்தில் இர்வின் புதுமாதிரி. பித்தளைக் குழாய்களும் அளவிகளும் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தன. சித்தப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓர் அளவியின் முன்னால் நின்று, அதன் முள் எங்கே இருந்தால் சரி, எங்கே போனால் ஓடவேண்டும் என்று எனக்குச் சொன்னார். வழிகாட்டி நின்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சித்தப்பாவிடம் தடுப்புக் கயிற்றை நகர்த்தி, "அருகில் போய்ப் பாருங்கள்" என்றார்.

அங்கே சித்தப்பா பார்த்தது வேறு. கப்பலின் பக்கத் தகட்டுக்குப் பக்கத்தில் போய், விரல் நுனியால் தடவிப் பார்த்தார். வண்ணத்துக்கு அடியில் மேடுபள்ளம் இல்லை. "எம்பது வருஷத்துக்கு மேல ஆன தகடு இப்படி இருக்குமா? கடல்ல இருபத்தஞ்சு வருஷத்துல அரிச்சுத் தின்னுடும்டா" என்றார். உப்பு இல்லாத தண்ணீர் செய்த வேலை அது. கடல் கப்பல்கள் முப்பது வயதுக்குள் உடைக்கும் கரைக்குப் போய்விடும். இங்கே அறுபது, எழுபது ஆண்டு ஓடிய கப்பல்கள் சாதாரணம். ஏரிக் கப்பல்களில் இத்தனை அருங்காட்சியகமாக மிஞ்சியிருப்பதற்கு நன்னீர் முக்கியக் காரணம். டொலீடோவில் 1911இன் ஸ்கூன்மேக்கர், சூ செயின்ட் மேரியில் 1917இன் வேலி கேம்ப், கிளீவ்லாந்தில் 1925இன் வில்லியம் ஜி. மேத்தர். ஆனால் நன்னீர் பாதிதான் காப்பாற்றும் என்பதை நாளைக்குப் பார்க்கப்போகிறோம்.

கப்பலின் பின்பக்கம் மாலுமிகளின் உலகம். முப்பது பேர் சொச்சம். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நான்கு. படுக்கை அறைகள் சிறியவை, சுத்தமானவை. சமையலறையில் பெரிய அடுப்பைச் சுற்றி ஒரு கம்பி ஓடுகிறது. அலையில் பாத்திரம் நழுவாமல் இருக்க. ஏரி மாலுமிகளிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் முகம் மலரும் என்றார் வழிகாட்டி. நல்ல சமையல்காரர் இல்லாத கப்பலில் ஆள் தங்காது. அதனால் கம்பெனிகள் சாப்பாட்டில் கை வைப்பதில்லை.

முன்பக்கம் போனால் வேறு உலகம். யு.எஸ். ஸ்டீலின் விருந்தினர்களுக்கென்றே தனி அறைகள், தனிக் கூடம், தனிச் சாப்பாட்டு அறை. மரப்பலகை வேய்ந்த சுவர், மெத்தை நாற்காலி. பெரிய வாடிக்கையாளர்களையும் அவர்கள் குடும்பத்தையும் கோடையில் ஏற்றிச் சென்று உபசரித்திருக்கிறார்கள். 610 அடி நீளத்தின் ஒரு நுனியில் கரி அள்ளிப்போடும் கொதிகலன் சூடு, மறுநுனியில் வெள்ளை மேசைவிரிப்பு. பார்வையாளர்கள் எல்லோரும் இந்த விருந்தினர் அறைகளில்தான் அதிகம் படம் எடுத்துக்கொண்டார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கப்பலை வாசிக்க வேண்டிய இடம் பின்பக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். தேய்ந்த படிகள், கைப்பிடி பட்டு மெருகேறிய வால்வுச் சக்கரங்கள், கதவருகே எண்ணெய்க் கறை. அங்கே யார் என்ன செய்தார்கள் என்று பொருள்களே சொல்கின்றன.

கப்பலை நடத்தும் அறையில், கேப்டன் நிற்கும் இடத்தில், சாட்பர்ன் என்ற கட்டளைக் கருவி நிற்கிறது. பித்தளைத் தண்டின் மேல் ஒரு வட்ட முகம். கைப்பிடியைத் தள்ளினால் 600 அடி பின்னால் இன்ஜின் அறையில் மணி அடித்து முள் நகரும். அங்கிருப்பவர் அதே இடத்துக்குத் தன் கைப்பிடியைத் தள்ளி 'கேட்டேன்' என்று சொல்வார். முன்னால் இருப்பவருக்குத் தண்ணீர் தெரியும், இன்ஜின் தெரியாது. பின்னால் இருப்பவருக்கு இன்ஜின் தெரியும், தண்ணீர் தெரியாது. "எனக்கு நாப்பது வருஷம் அந்த முள்ளுதான் வெளி உலகம்" என்றார் சித்தப்பா.

சரக்கு அறைக்குள்ளும் இறங்கலாம். வெறும் இரும்புப் பள்ளம். இங்கேதான் ஹியூலெட் கதையைச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஹியூலெட் என்ற ஓஹியோக்காரர் கண்டுபிடித்த இறக்கும் எந்திரம். 1899இல் கானியட் துறையில் முதலாவது நின்றது. பிரம்மாண்டமான ஒரு கை மேலிருந்து கப்பலுக்குள் இறங்கும். அந்தக் கையின் உள்ளே, வாளிக்கு நேர் மேலே, அதை ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பார். வாளியோடு சேர்ந்து அவரும் சரக்கறைக்குள் இறங்கி, அள்ளி, ஏறுவார். நாள் முழுக்க அப்படியே. ஒரு கடிக்குப் பதினேழு டன் வரை. அதற்கு முன் இதையெல்லாம் மண்வெட்டியால் அள்ளி நாட்கணக்கில் இறக்கினார்கள். 1940இல் இர்வினின் 13,856 டன் தாதுவை ஹியூலெட்டுகள் 2 மணி 55 நிமிடத்தில் இறக்கின. கரை எந்திரத்தால் இறக்கியதில் அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

இனி முறியடிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அந்த முறையே போய்விட்டது. நேற்று பார்த்த டிரகர்தாவுக்குச் சுமார் 250 அடி நீளக் கை சொந்தமாகவே இருக்கிறது. சரக்கறைக்கு அடியில் ஓடும் பட்டை தாதுவைக் கொண்டுவந்து அந்தக் கை வழியாகக் கரையில் கொட்டிவிடும். கரையில் எந்திரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். சூ நீர்ப்பூட்டில் 1,200 அடி நீளமுள்ள போ லாக் 1960களின் கடைசியில் கட்டி முடிந்ததும், 1972 முதல் ஆயிரம் அடிக் கப்பல்கள் வந்தன. ஒன்றின் சுமை இர்வினைப் போல நான்கைந்து மடங்கு, ஆட்களோ இன்னும் குறைவு. சில பழைய கப்பல்களை நடுவில் வெட்டி நீளம் சேர்த்து, இறக்கும் கையும் பொருத்திப் பிழைக்கவைத்தார்கள். அதே கம்பெனியின் ஆர்தர் எம். ஆண்டர்சனுக்கு அந்த வாழ்வு கிடைத்தது. இர்வினுக்குக் கிடைக்கவில்லை. 1978 டிசம்பரில் கடைசிப் பயணம். டுலூத்தின் மேற்கு ஓரத்தில் எட்டு ஆண்டு சும்மா கிடந்தது. 1986இல் ஊர் மாநாட்டு மையம் 110,000 டாலருக்கு வாங்கி இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

வாங்கியது சின்னச் செலவு. நின்ற பிறகுதான் செலவு தொடங்குகிறது. இந்த நீர்ச்சந்தின் அடியில் பழைய தொழிற்சாலைக் கழிவு படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து கரைச்சுவரைப் பழுதுபார்க்க, 2018 செப்டம்பரில் இர்வினை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வாயிலில் ஒரு நீலநிற நடைபாலம் இருக்கிறது. கப்பல் உள்ளே வந்த பிறகு கட்டியது அது. 60 அடிக் கப்பல் அந்த வாய் வழியாக, இருபுறமும் சில அங்குல இடைவெளியில் வெளியே வந்தது. அப்படியே எதிர்க்கரை சுப்பீரியர் நகரின் ஃபிரேசர் கப்பல் தளத்துக்குப் போய், உலர்துறையில் ஏறி, அடிப்பாகம் சுரண்டி, வண்ணம் பூசி, 2019 அக்டோபரில் திரும்பி வந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் இதைப் பேய்க்கப்பலாக அலங்கரித்து டிக்கெட் விற்கிறார்கள். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. கப்பல் நிற்பதற்குப் பணம் வேண்டும். அது நேர்மையான வழி.

வெளியே வரும்போது சித்தப்பா கேட்டார்: "ஓடாத கப்பலுக்கு எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?" வழிகாட்டியிடம் கேட்டுச் சொன்னேன்: வண்ணம், குழாய், விளக்கு, கூரை ஒழுகல், பனிக்காலத்தில் தண்ணீர் உறையாமல் பார்ப்பது என்று ஆண்டு முழுக்க ஆட்கள். "அப்ப இன்னும் டியூட்டியிலதான் இருக்கு" என்றார்.

ஞாயிறு

பாலம் கடந்தால் விஸ்கான்சின், சுப்பீரியர் நகரம். டுலூத்தின் கடை, ஓட்டல், கூட்டம் எதுவும் இங்கே இல்லை. 1975 நவம்பர் 9 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பல் 26,000 டன் தாது ஏற்றிக்கொண்டு கிளம்பியது இந்தத் துறையிலிருந்துதான். மறுநாள் புயலில் 29 பேரோடு மூழ்கியது. பின்னால் வந்துகொண்டிருந்த கப்பல், நேற்று சொன்ன ஆண்டர்சன்.

பார்க்கர்ஸ் தீவில் நிற்கிறது மீட்டியர். நிற்கிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: அதைச் சுற்றி மண் நிரப்பிவிட்டார்கள், தண்ணீரில் மிதக்கவில்லை. இர்வினைப் பார்த்த கண்ணுக்கு இது கப்பல் மாதிரியே தெரியாது. மேல்தளம் தட்டையாக இல்லை. இருபுறமும் உருண்டு இறங்குகிறது. முன்முனை கூராக இல்லாமல் மழுங்கி, மூக்கு மாதிரி நீண்டிருக்கிறது. திமிங்கிலம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிற தோற்றத்தால் இவற்றுக்கு வேல்பேக் என்று பெயர். அந்த மூக்கைப் பார்த்துப் பன்றிப் படகு என்று கேலி செய்தவர்களும் உண்டு.

ஸ்காட்லாந்தில் பிறந்து ஏரிகளில் கேப்டனாக இருந்த அலெக்சாண்டர் மக்டூகல் என்பவரின் யோசனை இது. அலையை எதிர்த்து நிற்காமல் அலை மேலே ஏறி வழிந்து போகட்டும். கட்டுவதும் மலிவு, இழுப்பதும் சுலபம் என்றார். கப்பல் கட்டுபவர்கள் யாரும் நம்பவில்லை. தன் பணத்தில் 1888இல் முதல் வேல்பேக்கைக் கட்டினார். பிறகு ராக்ஃபெல்லர் பணம் வந்தது. பத்தாண்டுக்குள் நாற்பதுக்கும் மேல் கட்டினார்கள், பெரும்பாலும் இந்த சுப்பீரியர் நகரத்திலேயே. சார்லஸ் டபிள்யூ. வெட்மோர் என்ற வேல்பேக் 1891இல் தானியம் ஏற்றிக்கொண்டு லிவர்பூல் வரை போனது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பயணிகளை ஏற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் என்று ஒன்று கட்டினார்கள்.

நாற்பதில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். வேறெதுவும் உலகில் எங்கேயும் இல்லை.

மிஞ்சியதற்குக் காரணம், இதை ஒவ்வொரு முறையும் யாரோ வேறு வேலைக்கு மாற்றியதுதான். 1896இல் ஃபிராங்க் ராக்ஃபெல்லர் என்ற பெயரில் பிறந்து தாது சுமந்தது. ஹியூலெட் வந்ததும் வேல்பேக்குகளுக்குக் கெட்ட காலம். அவற்றின் சரக்கு வாய்கள் குறுகல், வாளி இடித்து விளிம்பெல்லாம் நெளியும். தாது வேலை போனதும் இது மணல் அள்ளியது. 1928இல் சவுத் பார்க் என்று பெயர் மாறியது, கார்களை ஏற்றியது. 1942இல் மிச்சிகன் ஏரியில் தரைதட்டிச் சேதமானது. சாதாரணக் காலமாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். போர்க்காலத்தில் எண்ணெய்க் கப்பல் போதவில்லை. அதனால் பழுதுபார்த்து 1943இல் எண்ணெய்க் கப்பலாக்கி மீட்டியர் என்று பெயரிட்டார்கள். எண்ணெய்க்கு அகலமான வாய் வேண்டாம், குழாய் போதும். வேல்பேக்கின் பழைய குறை அந்த வேலையில் குறையே இல்லாமல் போயிற்று. 1969இல் மிச்சிகன் மாநிலத்தின் மார்க்கெட் என்ற ஊருக்கு அருகே மறுபடி தரைதட்டியது. இந்த முறை பழுதுபார்க்கவில்லை. 1972இல் பிறந்த ஊருக்கே இழுத்து வந்தார்கள்.

உள்ளே போனோம். வெளியே வெயில், உள்ளே சில்லென்று இருந்தது. நின்ற இடத்திலேயே தலைக்கு மேல் தகடு வளைந்து போகிறது. தொட்டால் ரிவிட்டுகளின் தலை வரிசை வரிசையாக. 1896இன் நீராவி இன்ஜின் அதே இடத்தில் நிற்கிறது: சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சிலிண்டர்கள், ஒரே நீராவி மூன்றிலும் அடுத்தடுத்து விரிந்து வேலை செய்து போகும். சித்தப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். டர்பைன் அவருக்குத் தெரிந்த எந்திரம். இது அவருடைய வாத்தியார்கள் காலத்துக்கும் முந்தியது. ஒவ்வொரு தண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே பார்த்தார்.

துரு இங்கே இருக்கிறது. மறைக்கவும் இல்லை. ஓரிடத்தில் புதிதாகச் சுரண்டி முதல் பூச்சு அடித்த பகுதி, பக்கத்திலேயே இன்னும் தொடாத பகுதி. இரண்டுக்கும் நடுவில் கோடு மாதிரி எல்லை. இந்த வேலை பெரும்பாலும் தன்னார்வலர்கள் வந்து செய்வது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வார இறுதிகள் கூடிச் சுரண்டி, வண்ணமடித்து, பழைய அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து சீர்செய்கிறார்கள். நேற்று இர்வினில் வரிசையில் நின்றுதான் ஏறினோம். இன்று மீட்டியரில் எங்கள் குழு அதில் கால்வாசி கூட இல்லை. இர்வினுக்குச் சகோதரக் கப்பல்கள் இருந்தன. அந்தத் தலைமுறையின் மாதிரிகள் வேறு ஊர்களிலும் காக்கப்படுகின்றன. மீட்டியர் போனால் ஒரு முழு வகையே போகிறது. கூட்டம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். ஜே. பி. ஃபோர்ட் என்று ஒரு கப்பல், 1904இல் ஓடத் தொடங்கியது, அதுவும் லொரைனில் கட்டியது. 1905 நவம்பர்ப் புயலில் மட்டாஃபா என்ற கப்பல் டுலூத் கால்வாய் வாயிலேயே சிக்கி, கரையில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தப் புயலையும், அதைவிடக் கொடிய 1913 புயலையும் தாண்டிப் பிழைத்தது ஃபோர்ட். கடைசியில் இந்த சுப்பீரியர் துறைமுகத்தில் சிமெண்ட் கிடங்காக நின்றது. அதைக் காப்பாற்ற ஒரு குழு ஆண்டுக்கணக்கில் முயன்றது. சுத்தம் செய்யும் செலவு, நிறுத்த இடம், அப்புறம் பராமரிப்பு எதற்கும் பணம் திரளவில்லை. 2015இல் டுலூத்தின் பழைய இரும்புக் கிடங்குக்கு இழுத்துப்போய் உடைத்துவிட்டார்கள். நன்னீர் நூறு ஆண்டு காப்பாற்றித் தந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அதைச் சொன்னபோது சித்தப்பா பதிலே பேசவில்லை.

ஃபிரேசர் தளத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம். மக்டூகலின் வேல்பேக் தளம் இருந்த இடமே அதுதான். இர்வினுக்கு வண்ணம் பூசிய துறையும், மீட்டியர் பிறந்த துறையும் ஒன்று. இன்றும் பனிக்காலத்தில் கப்பல்கள் அங்கே பழுதுபார்ப்புக்கு வருகின்றன.

திங்கள்

ஏரிக்கரையோரமாக வடக்கே அரை மணி ஓட்டம், டூ ஹார்பர்ஸ். மினசோட்டாவின் முதல் இரும்புத்தாது 1884இல் கப்பலேறிய ஊர். இன்றும் அந்த வேலை நடக்கிறது. 1896 முதல் 1981 வரை இந்தத் துறையில் உழைத்த எட்னா ஜி. என்ற கரியடுப்பு இழுவைப் படகை ஊர் நகராட்சி சொந்தமாக்கிக் காத்து வருகிறது. இரயில் கம்பெனித் தலைவரின் மகள் பெயராம் எட்னா.

கரையில் நின்று பார்த்தால் தாதுத் துறைகள் தண்ணீருக்குள் நீண்டு கிடக்கின்றன. பழைய வேலைமுறை எளிமையானது: துறை மிக உயரம், அதன் தலையில் தண்டவாளம். மலையிலிருந்து வரும் வண்டிகள் அடியைத் திறந்து தாதுவைப் பெட்டி பெட்டியான குழிகளில் கொட்டும். கப்பல் வந்து பக்கத்தில் நின்றதும் நீண்ட சரிவுத் தகடுகளை இறக்கினால் தாது தானாக ஓடி சரக்கறையில் விழும். எந்திரம் வேண்டாம், புவியீர்ப்பு போதும். டுலூத்தில் 2,300 அடி நீளத்துக்கு இப்படி ஒரு துறை 1918 முதல் நிற்கிறது. பெரிய கப்பல்களுக்கு இப்போது பட்டைகளும் உதவுகின்றன.

தாதுவும் மாறிவிட்டது. பூமியை வெட்டினால் கிடைத்த சிவப்புத் தாது போருக்குப் பின் குறைந்து போனது. டாகோனைட் என்ற கடினப் பாறையில் இரும்பு குறைவு. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஈ. டபிள்யூ. டேவிஸ் பல ஆண்டு உழைத்து, அந்தப் பாறையைப் பொடியாக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, உருண்டையாக்கிச் சுடும் வழியைத் தொழிலாக்கினார். தண்டவாளத்தருகே சாலையோரம் சிதறிக் கிடந்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். கோலிக்குண்டு அளவு, கருஞ்சாம்பல் நிறம், கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனம். விரலில் சிவப்புத் தூள் ஒட்டியது. சுமார் 65 சதவீதம் இரும்பு. உருட்டிக்கொண்டே வந்தோம்.

துறையில் ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தது. பட்டையிலிருந்து தாது விழும் சத்தம் தண்ணீரைத் தாண்டிக் கரை வரைக்கும் கேட்டது. ஏற்ற ஏற்ற, கப்பலின் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வெறுமையாக வரும்போது எடைக்காக உள்ளே நிரப்பிய தண்ணீரை இப்போது வெளியேற்றுகிறார்கள். தாது ஒரு பக்கமாகக் கூடினால் உடம்பு முறுக்கிக்கொள்ளும் என்பதால், எந்த வாயில் எவ்வளவு, எந்த வரிசையில் என்று அதிகாரி ஒருவர் தளத்தில் நடந்துகொண்டே சொல்கிறார். சித்தப்பா அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வேலைல அவசரப்பட்டா கப்பல் நடுவுல உடையும். அவன் நடக்கறதைப் பாரு, நிதானம்" என்றார்.

இங்கே இந்த வேலை மார்ச் 25 வாக்கில் சூ நீர்ப்பூட்டுகள் திறக்கும்போது தொடங்கி, ஜனவரி 15 அன்று மூடும்வரை நடக்கும். மீட்டியரும் இர்வினும் கோடைக்காலத்தில்தான் திறந்திருக்கும். கிளம்புவதற்கு முன் மீட்டியரின் அடுத்த வசந்த வேலை நாட்களுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். சித்தப்பா அப்போது ஊரில் இருப்பார். ஆனாலும் என்ன கொண்டுபோக வேண்டும் என்று காரில் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வருகிறார்: தடிமனான கையுறை, முகமூடி, கம்பி பிரஷ் இரண்டு, முழங்காலுக்கு ஒரு மெத்தைத் துண்டு, கீழே பிடிக்கப் பழைய துணி.